அம்மா வாசலில் நின்றாள்

கெட்ட செய்தியைச் சிரித்துக்கொண்டு சொல்கிறவனை என்ன செய்தால் தகும்? மேஸ்திரி சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"பொண்ணு வந்துட்டுப் போச்சு. உனக்குத் தெரியும்தானே?"

மடிப்புக்காரிக்குத் தெரியாது. அவள் கையில் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகள் இருந்தன. எதிரே குண்டக்காவின் கையில் மற்ற இரண்டு. ஆஸ்பத்திரிக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற அந்தச் சலவை ஆலையில் விரிப்பு மடிப்பது இரண்டு ஆள் வேலை. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, இழுத்து, ஒரு உதறு உதறி, நீளவாக்கில் பாதியாக்கி, மறுபடி இழுத்து, பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். தனியாக மடிக்கப் போனால் விரிப்பு தரையைக் கூட்டும். தரையைத் தொட்ட விரிப்பு திரும்பத் தொட்டிக்குத்தான் போகும். அதனால் ஜோடி இல்லாமல் அங்கே யாரும் மேஜைப் பக்கம் நிற்பதில்லை.

"எந்தப் பொண்ணு?" என்றாள்.

"உனக்கு எத்தனை பொண்ணு இருக்கு? ஒட்டடைக்குச்சிதான். நேத்து சாயங்காலம் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு, 'சார், எனக்கு ஒரு வேலை குடுங்க, வீட்டுல நான்தான் பாத்துக்கணும்'னு கேட்டுச்சு. எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு. இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா?"

"அவளுக்குப் பதினாலுதான் ஆகுது."

"பதினாறுன்னு போட்டுக்கலாம். அதான் உயரம் இருக்கே, யாரு கேக்கப்போறா? குண்டக்காவுக்கு முட்டி தேஞ்சுபோச்சு. அவங்களை உக்காந்து கிழிசல் தைக்கிற வேலைக்கு மாத்திட்டு, இந்த இடத்துல உன் பொண்ணை உனக்கே ஜோடியாப் போட்டுடறேன். அம்மாவும் பொண்ணும் எதிரும் புதிருமா நின்னு மடிக்கலாம். யாருக்குக் கிடைக்கும் இந்தக் குடுப்பினை? திங்கக்கிழமை வரச் சொல்லிட்டேன்."

ஏதோ பெரிய தானம் பண்ணிவிட்டவர் மாதிரி மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். மடிப்புக்காரி அடுத்த விரிப்பை உதறின உதறில் குண்டக்காவின் கையிலிருந்து ஒரு மூலை பிய்த்துக்கொண்டு வந்தது.

"ஏண்டி, என் தோள்பட்டையையும் கழட்டிடாதே. முட்டி போனது போதும்."

"உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

குண்டக்கா விரிப்பின் ஓரத்தில் இல்லாத சுருக்கத்தை நீவினாள். நாள் முழுக்க நின்று நின்று அவள் முழங்கால் பலாப்பழம் மாதிரி வீங்கிக் கிடந்தது. உட்கார்ந்து தைக்கிற வேலை வேண்டுமென்று அவள் மேஸ்திரியிடம் கெஞ்சாத நாளில்லை. அந்த ஸ்டூல் இப்போது கிடைக்கப்போகிறது. ஒரு சிறுபிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தால் கிடைக்கும்.

"தெரியும்" என்றாள் கடைசியில். "கால் வலிக்கிறவளுக்கு வாய் வராதுடி."

குண்டக்கா மேல் கோபப்பட்டு என்ன செய்ய? ஆனாலும் பட்டாள். அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார்கள்.

வீட்டில் அவள் புருஷன் தரையில் மல்லாந்து கிடந்தான். லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். பலகை சரிந்து முதுகில் அடிபட்டதிலிருந்து அவனுக்கு வீட்டுக்கூரைதான் உலகம். கூரையில் எந்தத் தகட்டில் எத்தனை ஆணி என்று கேட்டால் சொல்லுவான். மகள் அடுப்பருகே நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்தால் தலை அலமாரித் தட்டில் இடிக்கும். ஒரே வருஷத்தில் அம்மாவைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். தெருவில் எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது.

மடிப்புக்காரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னடி கேட்ட மேஸ்திரிகிட்ட?"

"வேலை கேட்டேன்." மகள் கஞ்சித்தண்ணீரைச் சிந்தாமல் சட்டியை இறக்கினாள். பயப்படுகிற முகமில்லை அது. பயந்திருந்தாலாவது பரவாயில்லை என்று தோன்றியது. முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தேர் இழுத்து நிலையில் விட்டவள் மாதிரி ஒரு நிம்மதி.

"யாரைக் கேட்டுக் கேட்ட?"

"யாரைக் கேக்கணும்? உன்னைக் கேட்டா வேண்டாம்ப. அப்பாவைக் கேட்டா அழுவாரு. நான் ஒண்ணும் சின்னப் பிள்ளை இல்லம்மா. எனக்கும் பொறுப்பு இருக்கு."

தரையிலிருந்து குரல் வந்தது. "அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. நான் படுத்ததுனாலதானே..."

"நீங்க வாயைத் திறக்காதீங்க. நீங்க படுத்தது பலகை சரிஞ்சதால. இவ எதனால சரியறான்னு முதல்ல தெரியணும் எனக்கு."

எதனால் என்று மகளே சொன்னாள். பெருமையாகவே சொன்னாள். பாடப்புத்தகத்தில் ஒரு கதை. பெயர் 'அப்பாவின் பெட்டி'. ஒரு பையன் தெருவில் இரும்பு வளையம் உருட்டி விளையாடுகிறான். அவன் அப்பா தச்சர். சாரத்திலிருந்து விழுந்துவிடுகிறார். மறுநாள் காலை பையன் வளையத்தைப் பக்கத்து வீட்டுப் பொடியனிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறான். பெரியவனாகிவிடுகிறான். அவ்வளவுதான் கதை. கீழே கேள்வி: சிறுவன் பெரியவனானது எவ்வாறு, விளக்குக. மகள் இரண்டு பக்கம் விளக்கியிருக்கிறாள். டீச்சர் அதை வகுப்பு முழுக்கக் கேட்க வாசித்துக் காட்டி, "கதையைப் படிச்சா இப்படிப் படிக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.

"கை தட்டுனாங்களா? தட்டுனவங்கள்ல எத்தனை பேர் மேஸ்திரியப் பாக்கப் போனாங்க?"

"அவங்க அப்பாவெல்லாம் நல்லா இருக்காங்க."

"அந்தக் கதையை எந்தக் கடன்காரன் எழுதுனான்?"

"அம்மா, அது நல்ல கதைம்மா. எனக்கு அழுகையே வந்துச்சு."

"வரும். வெங்காயம் உரிச்சாலும் வரும்."

மகள் முகம் சுண்டிப்போனது. சோற்றைத் தட்டில் போட்டு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வைத்தாள், தனக்கும் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். எவ்வளவு கோபத்திலும் முதல் தட்டை அப்பாவுக்கு வைக்கிறாள் என்பதை மடிப்புக்காரி பார்த்தாள். அதுதான் இன்னும் எரிந்தது. கெட்ட பிள்ளையாயிருந்தால் நாலு சாத்து சாத்தி அனுப்பலாம். நல்ல பிள்ளையை எதைக்கொண்டு அடிப்பது?

மறுநாள் வேலை முடிந்த கையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஆசிரியர் அறையில் டீச்சர் மட்டும்தான் இருந்தார். செருப்பை மேஜைக்கு அடியில் கழற்றிவிட்டு, கால் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டு, விடைத்தாள் கட்டு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க நடத்துன கதையால என் பொண்ணு பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கப்போறா" என்றாள் மடிப்புக்காரி, உட்காரச் சொல்லுமுன்பே.

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பேனாவை மூடி வைத்தார். "ஐயோ. நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே அது."

"நல்லாப் படிச்சதாலதான் போறா. அந்தக் கதையை நம்பிட்டா."

"நான் அவளை வேலைக்குப் போகச் சொல்லலை. பாடத்துல கேள்வி அப்படி இருக்கு. பரீட்சையில பொறுப்பு, தியாகம், இதெல்லாம் எழுதினாத்தான் மார்க் வரும். நான் சொல்லிக்குடுத்தது மார்க்குக்கு."

"அவ எடுத்துக்கிட்டது வாழ்க்கைக்கு. இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"நாளைக்கே கூப்பிட்டுப் பேசறேன். ஆனா நீங்க ஒண்ணு சொல்லுங்க." டீச்சரும் லேசுப்பட்டவரில்லை. நாள் முழுக்க அறுபது பிள்ளைகளோடு கத்தின தொண்டை அது. "கதை கதைன்னு அதைத் திட்டறீங்களே, நீங்க அதைப் படிச்சீங்களா?"

மடிப்புக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

படிக்கவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியும். மகள் முதல் வகுப்பில் சிலேட்டில் அ போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து அவளும் போட்டாள். மகள் ஒரு வருஷத்தில் முடித்ததை அவள் நாலு வருஷம் இழுத்தாள். பஸ் பலகை படிப்பாள், மருந்து அட்டை படிப்பாள், கடைப் பெயர் படிப்பாள். ஒரு முழுக் கதையை ஆரம்பம் முதல் கடைசி வரை படித்ததில்லை. படிக்காத கதையோடுதான் சண்டைக்கு வந்திருக்கிறாள்.

"படிச்சுட்டு வாங்க" என்றார் டீச்சர். குரலில் கேலி இல்லை. "படிச்சுட்டு வந்து திட்டுங்க. உக்காந்து கேட்டுக்கறேன்."

சவால் விட்டால் சும்மா இருக்கிற ஆளா அவள்? வெள்ளிக்கிழமை காலை மகளின் பையிலிருந்து புத்தகத்தை உருவி, சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆலைக்குப் போனாள். மத்தியான இடைவேளையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பக்கத்தைத் தேடி எடுத்தாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஊன்றிப் படித்தாள். வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். அதனால் குண்டக்காவும், பாய்லர் பார்க்கிற அண்ணனும், பக்கத்து மேஜையில் மடிக்கிற ஒருத்தியும் தங்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்துவிட்டார்கள்.

பையன் வளையம் உருட்டுகிற இடம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. வளையம் கல்லில் பட்டு எழுப்பும் சத்தத்தை அந்த எழுத்தாளர் அப்படியே எழுதியிருந்தார். அப்பா சாரத்திலிருந்து விழுந்ததும் பாய்லர் அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். பையன் பெட்டியைத் தூக்குகிறான். கனம் தாங்காமல் கைமாற்றிக் கைமாற்றிப் போகிறான்.

"பையன் தங்கம்ப்பா" என்றார் பாய்லர் அண்ணன்.

"தங்கம்னு சொன்னாலே உங்களுக்கெல்லாம் அடகு வைக்கத்தான் கை வரும்" என்றாள் குண்டக்கா. "அந்த வளையத்தை வாங்கிக்கிட்டானே பொடியன், அவன் என்ன ஆனான்?"

"அதைப்பத்தி எழுதலைக்கா."

"அவன் அப்பன் இன்னும் விழலை போல."

பக்கத்து மேஜைக்காரி சிரித்துப் புரையேறினாள். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள். "அது சரி, அந்தச் சாரத்தைக் கட்டுனவன் எங்க? வீடு கட்டுற முதலாளி எங்க? அவன் வந்து பாத்தானா, இல்லையா?"

"நீ வேற. முதலாளி வந்தா அது வேற கதையாயிடும்" என்றார் பாய்லர் அண்ணன். "இது பையனோட கதை. ஆம்பளைப் பிள்ளை, தலையெடுக்கிறான். அதைச் சொல்லுது. இதுல என்ன தப்பு? நானும் அந்த வயசுலதான் நிலக்கரி அள்ள வந்தேன்."

"வந்து என்னண்ணே ஆனீங்க?"

"பாய்லர் அண்ணன் ஆனேன்" என்று சொல்லிவிட்டு, அவரே கொஞ்சம் யோசித்து, டப்பாவை மூடினார்.

மடிப்புக்காரி இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவள் விரல் கடைசிப் பத்தியில் நின்றுபோயிருந்தது. மறுபடி படித்தாள்.

"அம்மா வாசலில் நின்றாள். தெருமுனை வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அவன் பெரியவனானான்."

பக்கத்தைத் திருப்பினாள். அங்கே வினாக்கள் இருந்தன, அருஞ்சொற்பொருள் இருந்தது. அந்த அம்மா இல்லை.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"என்னடி?"

"கதை முழுக்கத் தேடிட்டேன். இந்தப் பொம்பளை ஒரே இடத்துலதான் வர்றா. வந்து வாசல்ல நிக்கிறா. இவளுக்கு வாய் இல்லையா? கை இல்லையா? பிள்ளை பெட்டியைத் தூக்க முடியாமத் தூக்கிட்டுப் போறான், இவ பாத்துக்கிட்டு நிக்கிறா. 'வையிடா கீழே'ன்னு ஒரு வார்த்தை சொன்னாளா? வளையத்தைப் பிடுங்கிட்டு வந்தாளா? நல்லாப் பெத்தா!"

"அவளும் என்ன பண்ணுவா, புருஷன் கிடக்கிறான்" என்றாள் குண்டக்கா.

"என் புருஷனும்தான் கிடக்கிறான்!"

பாய்லர் அறை வரை கேட்டது அந்தச் சத்தம். புத்தகத்தை மூடினாள். மூடின பிறகும் அந்தப் பொம்பளை வாசலில் நின்றுகொண்டேதான் இருந்தாள். அவளை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது மடிப்புக்காரிக்கு. எங்கே என்று யோசிக்கத் தேவையில்லை. இதே கூடத்தில்தான் பார்த்தாள்.

இதே மேஜை. பத்து வயதில் அவள் கை இந்த மேஜைக்கு எட்டவில்லை. சோப்புப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அவளை ஏற்றினார்கள். எதிர்முனையில் நின்றது அவள் அம்மா. அம்மா அடித்ததில்லை, திட்டினதில்லை. "இழுத்துப் பிடி கண்ணு" என்று மட்டும் சொல்லுவாள். விரிப்பு நடுவில் தொய்யாமல் அம்மா அந்தப் பக்கம் இறுகப் பிடித்திருப்பாள். சில வருஷம் கழித்து ஒருநாள் பெட்டி இல்லாமலே கை எட்டிவிட்டது. அப்போதிருந்த மேஸ்திரி பெட்டியைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, "பொண்ணு வளர்ந்துட்டா" என்று கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த விரிப்பை நீட்டினாள்.

அந்தச் சிரிப்பை இத்தனை வருஷமும் பாசம் என்றுதான் அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் பல்லைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை மகள் முன்னால் போட்டாள். "படிச்சேன்."

"முழுசுமா?" மகளுக்கு ஒரு கணம் கோபமே மறந்துவிட்டது. "நல்லாருக்கா?"

"வளையம் உருட்டுற இடம் நல்லாருக்கு. மத்தது பொய். பெட்டியைத் தூக்குனதால எவனும் பெரியவனாக மாட்டான். தோள் இறங்கும், அவ்வளவுதான்."

"நீ மட்டும் என்னவாம்? பத்து வயசுல வேலைக்கு வந்தேன், வந்தேன்னு நீதானே சொல்லுவே. அப்படித்தானே நீ பெரியவளான?"

"நான் எங்கடி பெரியவளானேன்? உயரமானேன். மேஜைக்குக் கை எட்டுச்சு. அதோட சரி."

"டீச்சரும் இன்னிக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசுனாங்க. நீதான் போய்ச் சொன்னியா? எனக்கு அசிங்கமா இருந்துச்சு. கதையில சொன்னதைச் செஞ்சா கதை வேற, வாழ்க்கை வேறன்றாங்க. அப்புறம் எதுக்குக் கை தட்டுனாங்க?" மகளின் குரல் உடைந்தது. "நீ ஒருத்தி நின்னு நின்னு கால் வீங்கி வர்ற. அப்பா ராத்திரியில பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்காரு. நான் இதையெல்லாம் பாத்துக்கிட்டு இலக்கணம் படிக்கணுமா? திங்கக்கிழமை நான் போவேன். நீ கூட்டிட்டுப் போகலேன்னா நானே போவேன்."

அவள் புருஷன் தலையை மட்டும் திருப்பினான். "ஏய், அம்மா சொல்றதைக் கேளு" என்றான். அவனால் முடிந்தது அவ்வளவு. அதையும் இரண்டு நாள் தாமதமாகச் சொன்னான்.

திங்கட்கிழமை மடிப்புக்காரி எழுந்தபோது மகளின் பாய் சுருட்டி வைத்திருந்தது. ஆள் இல்லை. பள்ளிக்கூடப் பை மட்டும் ஆணியில் தொங்கியது. அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஆலைக்கு நடந்தாள். வாசல் காவலாளி பையைப் பார்த்துவிட்டு, "என்ன, இந்த வயசுல பள்ளிக்கூடமா? பென்சில் எடுத்து வச்சியா?" என்றான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

கூடத்துக்குள் மகள் ஏப்ரன் கட்டிக்கொண்டு மேஜை முன்னால் நின்றிருந்தாள். பழைய ஏப்ரன், அவள் உயரத்துக்கு முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. முகத்தில் அதே வெளிச்சம். குண்டக்கா ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மேஸ்திரி கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நின்றார்.

"வா, வா. உன் ஜோடி ரெடி."

மடிப்புக்காரி பையைச் சுவர் ஆணியில் மாட்டினாள். ஏப்ரன் கட்டினாள். மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து விரிப்பின் இரண்டு மூலைகளை எடுத்தாள். மகள் மற்ற இரண்டை எடுத்தாள். சரியாகத்தான் எடுத்தாள். சின்ன வயதில் வீட்டில் போர்வை மடிக்கும்போது அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே கட்டைவிரலை உள்ளே கொடுத்துப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தார்கள். விரிப்பு விறைத்து நின்றது.

மடிப்புக்காரி கையை விட்டாள்.

விரிப்பின் இந்தப் பக்கம் ஈரத்தரையில் பொத்தென்று விழுந்தது. "ஐயோ, நழுவிடுச்சு" என்றாள் மகள், தன் தப்பு மாதிரி. அதைத் தொட்டிக்கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். இழுத்தார்கள். அதையும் விட்டாள். மூன்றாவதையும் விட்டாள்.

"அம்மா, பிடி."

"மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும். கை தட்டினாலும் தட்டட்டும். நீ எத்தனை விரிப்பை நீட்டினாலும் நான் விடுவேன். வேற யாரு பிடிச்சாலும் பிடிப்பேன். நீ பிடிச்ச துணியை நான் பிடிக்க மாட்டேன்."

மேஸ்திரி ஓடி வந்தார். "என்ன கூத்து இது? வெளுத்த துணியெல்லாம் தரையில கிடக்கு! உனக்குப் பைத்தியமா?"

"என்னைப் பெத்தவ பிடிச்சா. பிடிச்சுக்கிட்டே நின்னா. நான் இங்க வந்து சேந்தேன். நான் பிடிக்கமாட்டேன் மேஸ்திரி. முடிஞ்சதைப் பாத்துக்குங்க."

மேஸ்திரியின் முகம் பாய்லர் கதவு மாதிரி சிவந்தது. மகளைத் தோளைப் பிடித்துப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டார். "நீ இவங்களோட மடி பாப்பா. உங்கம்மாவை அப்புறம் பாத்துக்கறேன்."

பக்கத்து மேஜைக்காரி விரிப்பை வாங்கினாள். இழுத்தாள். ஒரு தடவை மடிப்புக்காரியைப் பார்த்தாள். அவள் கையிலிருந்தும் விரிப்பு தரைக்குப் போனது.

"கை வழுக்குது மேஸ்திரி" என்றாள். "சோப்பு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகள் நடுக்கூடத்தில் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றாள். அவ்வளவு உயரமான பிள்ளை, மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் நின்றபோது, பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தொலைத்துவிட்டவள் மாதிரி முழித்தாள். உதடு நடுங்கியது. மடிப்புக்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஜன்னலோரம் ஸ்டூல் கிறீச்சிட்டது. குண்டக்கா மேஜையைப் பிடித்து, முனகி, எழுந்தாள். ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தாள். வரும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"உன் வீம்புக்கு என் முட்டிதான் கிடைச்சுதா? ஒரு வாரமாவது உக்கார விட்டியாடி, பாவி? நீ நல்லா இருப்பியா?" மகளின் கையிலிருந்து மூலையை வெடுக்கென்று பிடுங்கினாள். "தள்ளு ஒட்டடைக்குச்சி. இது என் இடம்."

மேஸ்திரி ஒரு கணம் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றார். பிறகு திட்டத் தோதான ஆளைத் திட்டினார். "நீ இனிமே இந்த மேஜைப் பக்கம் வரக்கூடாது. அழுக்கறைக்குப் போ. உனக்கு அதுதான் லாயக்கு."

அழுக்கறை என்பது ஆஸ்பத்திரி மூட்டைகளைப் பிரித்துப் போடும் இடம். ரத்தமும் மலமும் வாந்தியும் காய்ந்த துணிகளைக் கையால் பிரிக்க வேண்டும். போனவர்கள் சீக்கிரம் திரும்பி வருவதில்லை. மடிப்புக்காரி ஆணியிலிருந்து பையை எடுத்து மகளின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். மகள் வாங்கிக்கொள்ளவில்லை, விழவும் விடவில்லை. கண்ணில் நீர் முட்டி நின்றது. அதற்கு மேலே கோபம் முட்டி நின்றது.

"உனக்காகத்தானே வந்தேன்" என்றாள்.

"தெரியும். அதான் விட்டேன்."

அழுக்கறைக்கு ஒரே ஒரு கம்பி ஜன்னல், தெருவைப் பார்த்தது. அவள் மூக்கில் துணியைக் கட்டி முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்க்கும்போது வெளியே பார்த்தாள். மகள் ஆலை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஏப்ரனைக் கழற்றிக் காவலாளியின் நாற்காலியில் எறிந்திருந்தாள். பையை நெஞ்சோடு அணைத்தபடி, வலது பக்கம் வீட்டுக்கும் போகாமல் இடது பக்கம் பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் நடுவாசலில் மரம் மாதிரி நின்றாள்.

மடிப்புக்காரி கம்பியில் ஓங்கித் தட்டினாள்.

"என்னடி நிக்கிற? நிக்காத! முதல் மணி அடிச்சிருப்பாங்க!"

மகள் திரும்பினாள். முகமெல்லாம் ஈரம். "போறேன்! ஆனா உன் மேல கோவமாத்தான் போறேன்! உன்கூட இனிமே பேசமாட்டேன்!"

"பேசாத! கோவமாவே போ!"

மகள் பையை மாட்டிக்கொண்டு இடது பக்கம் நடந்தாள். குச்சிக் கால்களைத் தரையில் அறைந்து அறைந்து நடந்தாள். தெருமுனைக்குள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து முறைத்தாள். அவள் மறைந்த பிறகு மடிப்புக்காரி முடிச்சை இழுத்து அவிழ்த்தாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. "தூ" என்று துப்பிவிட்டு, முதல் துணியை உருவி எடுத்தாள்.